கண்மாய்க்குக் கையெழுத்து, கண்டவர் கையில் செல் நம்பர்: ஒரு நிகழ்வு ஆய்வு

மதுரை மாவட்டம் மேலூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றின் கண்மாயை, அதாவது பாசன ஏரியைக், காப்பாற்றத் தொடங்கிய இணையதளம் இது. ஊர், கண்மாய், அமைப்பு எதன் பெயரையும் இங்கே எழுதப் போவதில்லை. ஒன்றைச் சொன்னால் மற்ற இரண்டும் தானாக வந்துவிடும். அதன் பிறகு கையெழுத்துப் போட்டவர்கள் யார் யார் என்று தேடுவது பெரிய வேலையே இல்லை. ஆட்களை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களையும் மாற்றியிருக்கிறேன்.

பின்னணி பலருக்கும் தெரிந்ததுதான். நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்கத் தொகுதி ஏலம் போன செய்தி 2024 நவம்பரில் வந்ததும் மேலூர் வட்டாரமே எழுந்தது. 2022இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டியும் அந்தத் தொகுதிக்குள் வந்தது. டிசம்பர் 9இல் சட்டமன்றத் தீர்மானம், 2025 ஜனவரி 7இல் நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை தல்லாகுளத்துக்கு நடைபயணம், ஜனவரி 23இல் ஏலம் ரத்து. நடந்து போனவர்கள் மேல் வழக்குப் பதிவானதும், பிறகு அது வாபஸ் ஆனதும் இந்தக் கதையோடு சேர்ந்ததுதான். ஜெயித்த தெம்பில் சுற்றுவட்டாரத்தில் சின்னச் சின்னக் கோரிக்கைகளும் தலைதூக்கின. நம் கண்மாய் அவற்றில் ஒன்று. தண்ணீர் நிற்கும் உள்வாயின் ஓரமாக டிராக்டரில் மண் கொட்டி மேடாக்கி, கல் ஊன்றி, பிளாட் பிரிக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் பாதி அடைபட்டுவிட்டது. கண்மாய்த் தண்ணீரில் பாசனம் செய்யும் ஆயக்கட்டு விவசாயிகள் சிலரும், மதுரையில் வேலை பார்க்கும் அந்த ஊர்ப் பிள்ளைகளும் சேர்ந்து அமைப்பு தொடங்கினார்கள். கையோடு ஒரு இணையதளமும் போட்டார்கள். அதில் பழைய வரைபடங்கள், ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமைச் சட்டம்) மூலம் வாங்கிய பதில்கள், மண் கொட்டும் படங்கள், கையெழுத்துக்கு ஒரு கூகுள் ஃபார்ம்.

கையெழுத்து நன்றாகவே சேர்ந்தது. ஒருநாள் காலையில் ஒருங்கிணைப்பாளருக்கு ஒரு போன். பேசியவர் அந்த ஊர்ச் சத்துணவு மையத்தில் வேலை பார்க்கும் பெண்.

“அண்ணே, நேத்து ராத்திரி வீட்டுக்கு நாலு பேரு வந்தாய்ங்க. கையில லிஸ்ட்டு வச்சுருந்தாய்ங்க. என் பேரு, எங்க வீட்டுக்காரரு பேரு, தெரு, என் வேலை, செல் நம்பரு எல்லாம் வரிசையா இருக்கு. அவய்ங்களுக்கு யாருண்ணே குடுத்தா?”

“ஏம்மா, அந்த லிஸ்ட்டு எங்ககிட்ட மட்டுந்தாம்மா இருக்கு.”

“அப்ப நீங்கதான் குடுத்தீங்களா?”

வந்தவர்கள் அடிக்கவில்லை, கத்தவில்லை. தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, “கவர்மெண்டு வேலைல இருந்துக்கிட்டு இதெல்லாம் எதுக்குக்கா” என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். அவ்வளவுதான். அடுத்த இரண்டு வாரத்தில் பல பேர் ‘என் பேரை எடுத்துருங்க’ என்று கேட்டு மெசேஜ் போட்டார்கள்.

என்னைக் கூப்பிட்டது அதற்குப் பிறகு. சிறிய அமைப்புகளுக்கு இணையதளம் பராமரித்துக் கொடுப்பது என் தொழில். இந்தத் தளம் நான் செய்ததல்ல. எவனோ ஹேக் செய்துவிட்டான் என்ற முடிவோடுதான் அவர்கள் பேச்சைத் தொடங்கினார்கள்.

எந்த வாசல்?

ஹேக் எதுவும் இல்லை. வாசல் இரண்டு திறந்து கிடந்தன.

முதலாவது, ஃபார்மிலேயே இருந்தது. கூகுள் ஃபார்மில், நிரப்பி முடித்தவருக்கு மற்றவர்கள் கொடுத்த பதில்களின் தொகுப்பைக் காட்டலாமா என்று கேட்கும் ஒரு அமைப்பு உண்டு. அதைத் தட்டிவிட்டால், கடைசியில் வரும் நன்றிப் பக்கத்தில் முந்தைய பதில்களைப் பார்க்க ஒரு லிங்க் வரும். பிரியாணியா சாப்பாடா என்று கேட்கும் ஃபார்முக்கு அது பொருத்தம். பேரும் செல் நம்பரும் கேட்கும் ஃபார்மில், வாய்க்கு வந்த ஒரு பேரைப் போட்டு ‘சமர்ப்பி’ அழுத்தும் எவருக்கும் அதற்கு முன்னால் வந்த அத்தனை பேரின் விவரமும் விரிந்துவிடும். ஆனால் அந்தத் தொகுப்பு கேள்விவாரியாக வரும்: பேர்கள் ஒரு இடத்தில், எண்கள் இன்னொரு இடத்தில். சத்துணவு மையப் பெண் பார்த்த தாளிலோ ஒரு ஆளுக்கு ஒரு வரி இருந்தது. பேர், கணவர் பேர், தெரு, தொழில், எண் என்று ஃபார்ம் கேட்ட அதே வரிசையில். ஆகவே அது தொகுப்பிலிருந்து வந்ததல்ல, பதில்கள் போய்ச் சேரும் ஷீட்டிலிருந்து அப்படியே பிரிண்ட் எடுத்தது.

அந்த ஷீட்தான் இரண்டாவது வாசல். தன்னார்வலர்கள் ஆளுக்குக் கொஞ்சம் பேராகப் பிரித்துக்கொண்டு போன் போட்டுப் பேச வேண்டியிருந்தது. ஒவ்வொருவரின் ஜிமெயிலையும் வாங்கி அனுமதி கொடுக்க யாருக்கும் பொறுமையில்லை. ‘லிங்க் உள்ள எவரும் பார்க்கலாம்’ என்று வைத்து, லிங்கை வாட்ஸப் குரூப்பில் போட்டுவிட்டார்கள். அந்தக் குரூப்பில் ஊர்க்காரர்கள் நிறையப் பேர். மண் கொட்டுபவரின் மச்சினனுக்கு மச்சினனும் ஊர்க்காரர்தானே. யார் ஃபார்வர்ட் செய்தார் என்று கடைசிவரை தெரியவில்லை, தெரியவும் வழியில்லை. லிங்க் வழியாக உள்ளே வரும் முகம் தெரியாதவர்களை கூகுள் ஏதாவது ஒரு விலங்கின் பேரில்தான் காட்டும். உளவு பார்த்தவர் நம் பதிவில் ஒரு நீர்யானையாக மட்டும் இருப்பார்.

தொகுப்பு லிங்கைத் திறந்து வைத்த பையனிடம் ஏன் என்று கேட்டேன். யோசிக்காமல் செய்த காரியமில்லை அது. “முன்னாடி யார் யாரு போட்டிருக்காகன்னு தெரிஞ்சாத்தாண்ணே அடுத்த ஆளு போடுவாக” என்றான். அவன் சொன்னது உண்மைதான். நம் ஊர்களில் கையெழுத்து நோட்டு அப்படித்தான் சுற்றும். மந்தையில் உட்கார்ந்து நோட்டை வாங்கினால் முதலில் மேலே இருக்கும் பேர்களைத்தான் பார்ப்போம். பெரியவர் போட்டிருக்கிறாரா, பக்கத்துத் தெரு போட்டிருக்கிறதா என்று பார்த்த பிறகே பேனாவைத் திறப்போம். ஆனால் அந்த நோட்டு ஒருவர் கையில் இருக்கும், வாங்குபவரின் முகத்தைப் பார்த்துத்தான் அவர் நீட்டுவார். இணையதளத்தில் அதே நோட்டு, காவலுக்கு ஆளில்லாமல் பஸ் ஸ்டாண்டில் கிடக்கிறது. பையன் ஊர் வழக்கத்தைச் சரியாகத்தான் புரிந்துவைத்திருந்தான். நோட்டைப் பிடித்திருக்கும் கையைத்தான் கணக்கில் எடுக்கவில்லை.

பதினொரு கேள்வி எதற்கு?

வாசல்களை மூடுவது ஐந்து நிமிட வேலை. எனக்கு உறுத்தியது வேறு: உள்ளே அவ்வளவு சாமான் ஏன் இருந்தது?

ஃபார்மில் பதினொரு கேள்வி. பெயர், தகப்பனார் அல்லது கணவர் பெயர், வயது, கதவு எண், தெரு, ஊர், தொழில், செல் நம்பர், மின்னஞ்சல், ஆயக்கட்டில் நிலம் இருந்தால் புல எண், கடைசியாக வாக்காளர் அட்டையின் படம். இத்தனையும் எதற்கு என்று கேட்டால், “போலிக் கையெழுத்துன்னு யாரும் சொல்லிறக் கூடாதுல்ல” என்றார் ஒருங்கிணைப்பாளர். ஆனால் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கலெக்டர் அலுவலகத்தில் மனு கொடுக்க இத்தனை பேர் வேண்டும், அவர்களின் அட்டை வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. ஒருவர் கொடுத்தாலும் மனுதான், அதற்கும் மனு எண் கொடுப்பார்கள். பத்துப் பேர் தைரியமாக நேரில் போய் நின்றால், ஆயிரம் அட்டைப் படத்தைவிட அதற்கு மதிப்பு அதிகம் என்பது என் அபிப்பிராயம்.

இதில் ஒரு வேடிக்கை. இந்த அமைப்பில் ஆர்டிஐ சட்டத்தைக் கரைத்துக் குடித்தவர்கள் இருக்கிறார்கள். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி மனுப் போட்டால், “எதற்குக் கேட்கிறீர்கள், ஆதார் நகல் எங்கே” என்று எதிர்க்கேள்வி கேட்கும் அலுவலகங்களுக்கு 6(2) பிரிவை எடுத்து நீட்டுவார்கள். தகவல் கேட்பவர் காரணம் சொல்ல வேண்டியதில்லை, அவரைத் தொடர்புகொள்ளத் தேவையானதைத் தவிர வேறு எந்தத் தனிப்பட்ட விவரமும் தர வேண்டியதில்லை என்று 2005லேயே எழுதிவைத்த பிரிவு அது. அதிகாரியிடம் அதை உரக்கப் படித்துக்காட்டிய அதே ஆட்கள், சொந்தத் தளத்துக்கு வந்தவரிடம் கதவு எண்வரை கேட்டிருக்கிறார்கள்.

ஒவ்வொரு விவரமும் தனியாகப் பார்த்தால் சாதுவானது. சேரும்போதுதான் குணம் மாறுகிறது. புல எண் தெரிந்தால் தமிழக அரசின் பட்டா தளத்தில் நிலம் யார் பேரில் இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துவிடலாம். செல் நம்பர் இருந்தால் ட்ரூகாலர் பேரைச் சொல்லும், வாட்ஸப்பில் சேமித்தால் முகம் வரும். தகப்பனார் பேரும் தெருவும் இருந்தால் வாக்காளர் பட்டியலில் வீட்டில் எத்தனை பேர் என்பது வரை கிடைக்கும். தொழில் என்ற கேள்விதான் இந்த விவகாரத்தில் நேரடியாகக் கடித்தது. அரசு ஊழியர்களுக்கு 1973ஆம் ஆண்டின் நடத்தை விதிகள் இருக்கின்றன. அரசு நடவடிக்கையைப் பொதுவெளியில் விமர்சித்தால் மெமோ வரலாம் என்ற பயம் ஆசிரியர் முதல் அலுவலக உதவியாளர் வரை எல்லோருக்கும் உண்டு. கண்மாயைக் காப்பாற்றச் சொல்வது விமர்சனமா என்பது தனி வாதம். ராத்திரி வாசலில் நிற்பவனுக்கு அந்த வாதம் தேவையில்லை, ‘கவர்மெண்டு வேலை’ என்ற ஒரு சொல் போதும்.

தனியுரிமை என்றதும் நம் ஆட்களுக்கு ஓடிபி கேட்டுப் பணம் சுருட்டும் கும்பல்தான் நினைவுக்கு வருகிறது. வங்கித் தளத்துக்கு அந்தப் பயம் சரி. ஒரு கோரிக்கைக்காக நடத்தும் தளத்துக்கு எதிராளி ஜார்க்கண்டில் உட்கார்ந்திருப்பவன் இல்லை. அவன் அதே தெருவில் டீ குடிக்கிறான், நம்மை அக்கா என்று கூப்பிடுகிறான், நம் வீடு அவனுக்குத் தெரியும். நாம் என்ன நினைக்கிறோம் என்பது மட்டும்தான் தெரியாது. அதைத்தான் ஃபார்ம் அவனுக்குச் சொல்லிக்கொடுக்கிறது. விளைவு எதுவரை போகும் என்பதற்கு நாம் தூரத்து உதாரணம் தேட வேண்டியதில்லை. 2023 ஏப்ரல் 25 அன்று தூத்துக்குடி மாவட்டம் முறப்பநாட்டில், மணல் கடத்தல் பற்றிப் புகார் கொடுத்த கிராம நிர்வாக அலுவலர் லூர்து பிரான்சிஸ் தன் அலுவலகத்திலேயே வெட்டப்பட்டு இறந்தார். 2025 ஜனவரி 17 அன்று புதுக்கோட்டை மாவட்டம் திருமயம் அருகே, சட்டவிரோதக் கல்குவாரிகளுக்கு எதிராக மனு மேல் மனுவாகக் கொடுத்துவந்த ஜகபர் அலி, லாரி ஏற்றிக் கொல்லப்பட்டார். இரண்டும் நமக்குத் தூரத்து மாவட்டங்கள் இல்லை. இங்கே நடந்தது தண்ணீர் குடித்துவிட்டுப் போன மிரட்டல் மட்டுமே. ஆனால் எந்தக் கூட்டம் எங்கே நிற்கும் என்று முன்கூட்டிச் சொல்ல யாராலும் முடியாது.

தளத்தில் கிடந்த மற்றவை

ஃபார்மை மட்டும் பார்த்துவிட்டு எழுந்திருக்கலாம்தான். முழுத் தளத்தையும் ஒருமுறை மேய்ந்ததில் கிடைத்தவை இவை.

ஆர்டிஐ பதில்களை ஸ்கேன் செய்து, எழுத்தைத் தேடவும் காப்பி செய்யவும் முடிகிற பிடிஎஃபாகப் போட்டிருந்தார்கள். நல்ல காரியம். ஆனால் பொதுத் தகவல் அலுவலர் அனுப்பும் பதிலில் ‘பெறுநர்’ என்று மனுதாரரின் பேரும் முழு முகவரியும் மேலேயே இருக்கும். சில பிடிஎஃப்களில் அதன்மேல் கறுப்புப் பெட்டி வைத்து மறைத்திருந்தார்கள். அப்படி மறைத்த ஒன்றைத் திறந்து, அந்த இடத்தை மவுஸால் இழுத்து காப்பி செய்து நோட்பேடில் ஒட்டினேன். எழுத்தெல்லாம் அப்படியே வந்து விழுந்தது. பெட்டி ஒரு படம், எழுத்து அதன் கீழே பத்திரமாக இருக்கிறது. இதற்கு விலையுயர்ந்த மென்பொருள் எதுவும் வேண்டாம். தாளைப் பிரிண்ட் எடுத்து, முகவரி மேல் மார்க்கரால் அடித்து, அதை ஜெராக்ஸ் போட்டு, அந்த ஜெராக்ஸை ஸ்கேன் செய்ய வேண்டும். ஜெராக்ஸ் படியைத் தாண்டிப் போனால் மார்க்கர் மையின் ஊடே எழுத்து மங்கலாகத் தெரிந்துவிடும்.

படங்கள் இன்னும் மோசம். மண் கொட்டும் டிராக்டரைச் சிலர் தங்கள் வீட்டிலிருந்தே எடுத்து, தளத்தில் அசல் கோப்பாக ஏற்றியிருந்தார்கள். செல்போன் கேமராவில் இருப்பிடம் ஆன் செய்திருந்தால், படத்துக்குள்ளேயே அட்சரேகை, தீர்க்கரேகை, எடுத்த நேரம், போன் மாடல் எல்லாம் பதிந்திருக்கும். வாட்ஸப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அது கழன்றுவிடும். ‘டாக்குமெண்ட்’ ஆக அனுப்பினாலோ தளத்தில் நேரடியாக ஏற்றினாலோ அப்படியே தங்கும். ஒரு படத்தின் எண்களை வரைபடத்தில் போட்டேன், புள்ளி நேராக ஒரு ஓட்டு வீட்டின் மேல் உட்கார்ந்தது. விண்டோஸில் கோப்பின் மேல் ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸில் இந்த விவரங்களை நீக்கும் வசதி இருக்கிறது. அதைச் செய்தோம். ஆனால் ஒரு படத்துக்கு அதுவும் போதவில்லை. மொட்டைமாடியிலிருந்து எடுத்திருந்தார்கள், கீழ் மூலையில் நீல நிறத் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பும் கைப்பிடிச் சுவரும் விழுந்திருந்தன. அந்த ஊரில் யாரிடம் காட்டினாலும் யார் வீட்டு மாடி என்று சொல்லிவிடுவார்கள். அதை எடுத்துவிட்டு, கரைமேல் நின்று புதிதாக எடுத்ததைப் போடச் சொன்னேன்.

தளத்தை வடிவமைத்தவர் ஃபேஸ்புக் விளம்பரத்துக்காக மெட்டா பிக்சலைப் பதித்திருந்தார். எந்தப் பக்கத்தை யார் பார்த்தார்கள் என்ற செய்தியை அது மெட்டாவுக்கு அனுப்பும். ஒரே ஒருமுறை நூறு ரூபாய்க்கு பூஸ்ட் செய்ததோடு விளம்பரம் நின்றுபோயிருந்தது, பிக்சல் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. எடுத்தாயிற்று. இதை நான் பெரிய குற்றமாகச் சொல்ல மாட்டேன், கண்மாய்க்கு மண் கொட்டுபவருக்கும் மெட்டாவுக்கும் சம்பந்தமில்லை. ஆனால் பள்ளியின் பசுமைப் படை மாணவர்களும் அந்தத் தளத்தில் வந்து கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அங்கேதான் சட்டம் குறுக்கே வருகிறது.

தனியுரிமைக் கொள்கை என்று ஒரு பக்கமும் இருந்தது. முழுக்க ஆங்கிலம், எங்கிருந்தோ எடுத்து ஒட்டியது. கலிஃபோர்னியா வாசிகளுக்கு என்னென்ன உரிமை என்று அதில் இரண்டு பத்தி. மேலூர்வாசிகளுக்கு ஒரு வரி இல்லை.

சட்டம் என்ன கேட்கிறது

“நாங்க ரிஜிஸ்டரே பண்ணலையே, எங்களுக்கு எதுக்கு அந்தச் சட்டம்” என்று ஒருவர் கேட்டார். 2023 ஆகஸ்ட் 11 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்ற டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், ‘நபர்’ என்பதற்குள் பதிவு செய்யப்படாத கூட்டமைப்பும் அடங்கும். சொந்த, குடும்பக் காரியத்துக்காக ஒரு தனி ஆள் வைத்திருக்கும் விவரத்துக்கு விலக்கு உண்டு. சமூக அமைப்புகளுக்கென்று தனிச் சலுகை இல்லை. விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. பெரும்பாலான கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து, 2027 மே மாதத்தில் நடைமுறைக்கு வரும் என்று அதில் இருக்கிறது. அதுவரை அவகாசம் என்று எடுத்துக்கொள்ளலாம், ஆனால் ராத்திரி வாசலில் வந்து நின்றவர்கள் அந்தத் தேதிக்குக் காத்திருக்கவில்லை.

சம்மதம் பற்றி 6ஆம் பிரிவு சொல்வதுதான் நமக்கு முக்கியம். குறிப்பிட்ட காரியத்துக்குத் தேவையான விவரத்துக்கு மட்டுமே சம்மதம் செல்லும். சட்டமே ஒரு உதாரணம் கொடுக்கிறது: மருத்துவ ஆலோசனைக்கான ஆப் ஒன்று போனில் இருக்கும் எண்களின் பட்டியலையும் கேட்டு, பயனாளி இரண்டுக்கும் சரி என்று சொல்லியிருந்தாலும், ஆலோசனைக்குப் பட்டியல் தேவையில்லை என்பதால் அந்தச் சம்மதம் பட்டியலுக்குச் செல்லாது. அப்படியென்றால் மனுவுக்குத் தேவைப்படாத வாக்காளர் அட்டையை, ‘அவங்களே விரும்பித்தான் ஏத்துனாங்க’ என்று சொல்லித் தப்பிக்க முடியாது. அறிவிப்பைத் தமிழில் கேட்கும் உரிமை உண்டு. சம்மதத்தைக் கொடுத்த அளவுக்கு எளிதாகத் திரும்பப் பெறவும் வழி வேண்டும். காரியம் முடிந்ததும் விவரத்தை அழிக்க வேண்டும். 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோரின் சம்மதம் சரிபார்க்கும்படி இருக்க வேண்டும், அவர்களைப் பின்தொடரும் பிக்சல் மாதிரியானவை கூடாது. பாதுகாப்பில் கோட்டை விட்டால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை. இந்தத் தொகையைக் கேட்டதும் ஒருங்கிணைப்பாளர் வாய்விட்டுச் சிரித்தார். அமைப்பின் உண்டியலில் அன்று இருந்தது மைக் செட் வாடகைக்கே காணாது.

செய்தது

ஷீட் இரண்டு பேருக்கு மட்டும் என்று பூட்டப்பட்டது. வாக்காளர் அட்டைப் படங்கள் முழுவதும் அழிக்கப்பட்டன, கூகுள் டிரைவின் குப்பைக் கூடையையும் சேர்த்து. அதைப் பலர் மறந்துவிடுவார்கள். கூடையில் கிடப்பது 30 நாள் வரை அங்கேயே இருக்கும். மாணவர்களின் பதிவுகளும் போயின. குரூப்பில் ஷீட்டை டவுன்லோடு செய்தவர்களிடம் தனித்தனியாகப் பேசி அழிக்கச் சொன்னார்கள். எத்தனை பேர் உண்மையிலேயே அழித்தார்கள் என்பது அவரவர் மனசாட்சிக்குத்தான் வெளிச்சம்.

புது ஃபார்மில் பேரும் ஊரும்தான் கட்டாயம். செல் நம்பர் விருப்பம். கேள்விகளுக்கு மேலே கொட்டை எழுத்தில் இந்த அறிவிப்பு:

“இந்த மனுவுக்கு உங்கள் பேரும் ஊரும் போதும். செல் நம்பர் கொடுத்தால், மனு என்ன ஆனது என்று சொல்ல மட்டும் பயன்படுத்துவோம். கொடுக்காவிட்டாலும் உங்கள் கையெழுத்து செல்லும். இந்த விவரத்தை அமைப்பில் இரண்டு பேர் மட்டும் பார்ப்பார்கள். மனு கொடுக்கும்போது பேரும் ஊரும் அதோடு கலெக்டர் அலுவலகத்துக்குப் போகும். அதற்கு முன்னால் பேரை எடுக்க வேண்டும் என்றால், ‘நீக்கு’ என்று கீழே உள்ள எண்ணுக்கு ஒரு மெசேஜ் போடுங்கள். காரணம் கேட்க மாட்டோம்.”

‘காரணம் கேட்க மாட்டோம்’ என்ற வரி என்னுடையதல்ல. சத்துணவு மையப் பெண் சேர்க்கச் சொன்னது. பேரை எடுக்கச் சொல்லி மெசேஜ் போட்டவர்களைத் திரும்பக் கூப்பிட்டு, ‘ஏன், பயந்துட்டீங்களா’ என்று தன்னார்வலர்கள் கேட்டிருக்கிறார்கள். வந்து மிரட்டியவர்களைவிட அந்தக் கேள்விதான் தனக்கு அதிகம் வலித்தது என்று சொன்னார். சட்டத்தில் இதெல்லாம் வராது. தளம் நடத்துபவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்.

போலீஸ் கேட்டால் என்ன செய்வது என்பதும் பேசப்பட்டது. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 94ஆம் பிரிவின்படி ஆவணத்தைக் கொண்டுவரச் சொல்லி எழுத்துபூர்வமாகக் கேட்க முடியும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 91ஆக இருந்ததுதான் இது. வாய்மொழியாகக் கேட்டால் கொடுப்பதில்லை, எழுதிக் கேட்டால் வக்கீலிடம் காட்டிவிட்டுப் பதில் சொல்வது என்று முடிவு. இல்லாத ஷீட்டை யாராலும் கேட்க முடியாது என்பதால், மனு கொடுத்து எண் வாங்கிய பிறகு செல் நம்பர் பத்தியை அழித்துவிடுவது என்றும் எழுதிவைத்தார்கள்.

ஒரு எதிர்ப்பு

எல்லோரும் இதை ஏற்றுக்கொண்டார்கள் என்று சொல்ல முடியாது. மாற்றங்களை விளக்கிய கூட்டத்தில், ஆயக்கட்டுக் கடைமடையில் நிலம் வைத்திருக்கும் ஒரு பெரியவர் எழுந்தார். “என் பேரை மறைக்காதப்பா. கதவு நம்பரோட போடு. கம்மாய் என்ன திருட்டுச் சொத்தா, ஒளிஞ்சுக்கிட்டு கையெழுத்துப் போட? ஆளுக்கு ஆள் பேரை மறைச்சா அவன் நம்மளை எப்புடி மதிப்பான்?”

இதற்கு என்னிடம் சுலபமான பதில் இல்லை. கோரிக்கை இயக்கத்தின் பலமே பேர்தான். பேரில்லாத ஆயிரம் கையெழுத்தைவிட, ஊரறிந்த ஒருவர் தன் பேரை முன்னால் வைப்பது கனமானது. அரிட்டாபட்டிக்காக நடந்தவர்கள் முகத்தை மறைத்துக்கொண்டு நடக்கவில்லை. ஆனால் கடைமடைப் பெரியவருக்கு வேலை போகாது, மெமோ வராது, ராத்திரி வீட்டில் தனியாக இருக்கும் நிலையும் இல்லை. அவருடைய தைரியத்துக்கு ஏற்றபடி போட்ட ஃபார்மில் மற்றவர்களின் பேரும் சேர்ந்து போனதுதான் சிக்கல். கடைசியில் ஃபார்மில் ஒரு கட்டம் சேர்ந்தது: ‘என் பேரைத் தளத்தில் வெளியிடலாம்.’ தானாக டிக் ஆகியிருக்காது, அவரவர் தட்ட வேண்டும். பெரியவர் பேர் முதலில் ஏறியது. கதவு எண் மட்டும் போடவில்லை, அதற்கு அவர் இன்னும் கோபமாகத்தான் இருக்கிறார்.

மனு கொடுத்தாயிற்று. பேரும் ஊரும் கொண்ட இணைப்புப் பட்டியல் இப்போது அரசுக் கோப்பில் இருக்கிறது. அதை யாராவது ஆர்டிஐயில் கேட்டு வாங்கிவிட்டால் என்ன செய்வது என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். அங்கேதான் கயிறு சிக்கிக்கொள்கிறது. ஆர்டிஐ சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவை இந்தத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சுருக்கிவிட்டது; தனிநபர் தகவல் என்றாலே மறுக்கலாம் என்ற அளவுக்கு 2025 நவம்பர் முதல் அது நிற்கிறது. பொதுநலன் இருந்தால் தரலாம் என்று அந்தப் பிரிவுக்குள்ளேயே முன்பு இருந்த வாசகம் போய்விட்டது. நாடு முழுவதும் ஆர்டிஐ ஆட்கள் எதிர்த்த திருத்தம் இது, இந்த அமைப்பும் எதிர்த்துத் தீர்மானம் போட்டிருந்தது. இப்போது அவர்களுடைய கையெழுத்துப் பட்டியலுக்கு அதுவே கவசம். கண்மாய்க்குள் யார் யார் பேரில் எவ்வளவு ஆக்கிரமிப்பு என்று 2007ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டத்தின்படி அளந்த விவரத்தை அமைப்பு கேட்டிருந்தது. ‘தனிநபர் தகவல்’ என்று ஒரு வரியில் பதில் வந்தது, அதே பிரிவைக் காட்டி.

முதல் மேல்முறையீட்டுக்கு 30 நாள் இருக்கிறது. பாதுகாக்கப்படும் நலனைவிடப் பொதுநலன் பெரிதென்றால் தகவல் தரலாம் என்று சொல்லும் 8(2) இன்னும் உயிரோடிருப்பதால் அதை வைத்து எழுதிக்கொண்டிருக்கிறார்கள். மனுதாரர் முகவரி என்ற இடத்தில் இந்தமுறை வக்கீல் ஆபீஸ் முகவரி.